நிரல் வரிக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தை எடிட்டரில் காட்டச் சொல்லுங்கள்: ஒரு டேபால் நான் பட்ட பாடு

2019 தீபாவளி அக்டோபர் கடைசியில் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களும் ஒவ்வொரு சனிக்கிழமையும் எனக்கு வயிறு கலங்கியது. காரணம் ஒரு நிரல் வரிக்கு முன்னால் கிடந்த ஒரு டேப், அதாவது கீபோர்டின் டேப் விசை விடும் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் சம்பளக் கணக்கு போடும் புரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அப்போது ஒப்புக்கொண்டிருந்தேன். எழுதியவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். இடையில் இன்னொருவர் கை வைத்து, பாதியில் விட்டிருந்தார். பேசிய தொகை 45,000 ரூபாய். அதில் 20,000 முன்பணம், "வாராவாரம் வர்ற தகராறு நின்னதும்" மீதி.

தகராறு இதுதான். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். வாரம் முழுக்க லீவு போடாமல் வந்தால் 300 ரூபாய் ஊக்கத்தொகை என்று முதலாளி புதிதாக அறிவித்திருந்தார். அது சிலருக்கு வந்தது, பலருக்கு வரவில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்த்து ஒரு நாள்கூட விடாமல் வந்த ஓவர்லாக் டெய்லருக்கு வரவில்லை, பக்கத்து மெஷின்காரருக்கு வந்திருந்தது. கவரைப் பிரித்து எண்ணிவிட்டு நேராக என்னிடம் வருவார்கள். "ஏனுங் கம்ப்யூட்டர்காரரே, எங்க காசு உங்க பாக்கெட்டுலயா இருக்குது?" என்று ஒருவர் எல்லோர் முன்னாலும் கேட்டபோது சிரித்துச் சமாளித்தேன். பஸ்ஸில் வரும்போது கண் கலங்கியது உண்மை.

முதலில் சந்தேகப்பட்டது விரல்ரேகை மெஷினை. தையல் வேலையில் ரேகை தேயும், பஞ்சுத் தூசி படியும், மெஷின் சரியாகப் பதியாமல் விட்டிருக்கும் என்று தோன்றியது. ஆள் வரவழைத்துப் பார்த்ததில் 1,500 ரூபாய் போனது. அது என் கைக்காசு. மெஷினில் ஒரு குறையும் இல்லை. பிறகு டேட்டாபேஸ். வருகைப் பதிவையும் ஆட்கள் பட்டியலையும் இணைக்கும் க்வெரியை, அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையை, பிரித்து மேய்ந்தேன், ராத்திரி ராத்திரியாகத் திருப்பி எழுதினேன். பதிவு சரி, நாட்களின் எண்ணிக்கை சரி, ஊக்கத்தொகைக்கு உரியவர் என்ற அடையாளக் குறிகூட ஒவ்வொருவருக்கும் சரியாக விழுந்திருந்தது. கடைசித் தொகையில் மட்டும் 300 இல்லை. இந்த வேலையை நம்பி, கோயம்புத்தூரில் ஒரு கடைக்கு வலைத்தளம் செய்து தரும் வேலையை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அது 40,000 ரூபாய்.

துப்பு கொடுத்தது செக்கிங்கில் இருக்கும் ஓர் அக்கா. ஒரு சனிக்கிழமை கவரை வாங்கிக்கொண்டே, "தம்பி, அட்வான்ஸ் வாங்குனவிங்களுக்கு மட்டும்தானுங் அந்த முந்நூறு வருது. வாங்காதவிங்களுக்கு இல்லீங். நாங்க எல்லாம் எண்ணிப் பார்த்துட்டோம்" என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. பட்டியலை எடுத்து வரிசையாக டிக் அடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே சரி. கம்பெனியிடம் அட்வான்ஸ் வாங்கி வாரத் தவணையில் கழித்துக்கொண்டிருப்பவர்களுக்கு 300 வந்திருந்தது. கடனே வாங்காதவர்களுக்கு இல்லை.

அன்று ராத்திரி நிரலைத் திறந்தேன். அது பைதான் மொழியில் எழுதியது. பைதானில் ஒரு வரி எவ்வளவு உள்ளே தள்ளித் தொடங்குகிறது என்பதை வைத்தே, அது மேலே உள்ள நிபந்தனைக்குள் அடங்குமா, வெளியே நிற்குமா என்று முடிவாகும். அட்வான்ஸைக் கழிக்கும் இடமும் ஊக்கத்தொகையைச் சேர்க்கும் இடமும் அடுத்தடுத்துதான் இருந்தன. ஆனால் ஊக்கத்தொகையைச் சேர்க்கும் நிரல் வரி, அட்வான்ஸ் நிபந்தனைக்கு வெளியே, அதற்கு நேர் கீழே, எல்லோருக்கும் பொதுவாக அழகாக நின்றது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருந்தது. அதைப் படித்துப் படித்து வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு கட்டத்தில் பைதானையே சந்தேகப்பட்டேன். அலுவலக சர்வரில் சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ், அதனோடு வரும் பைதான் 2.7. அந்த பைதானில் ஏதோ உடைந்திருக்கிறது என்று முதலாளியிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். தனியாக உட்கார்ந்து வேலை செய்பவனுக்கு இது ஒரு சாபம். "கண்ணுக்கு நேரே இருப்பது பொய்" என்று சொல்ல பக்கத்தில் ஆள் இல்லை.

உண்மை வெளியே வந்தது ஒரு பிரிண்ட் வரியால். ஊக்கத்தொகை வரிக்கு முன்னால், அதே நேர்க்கோட்டில், சம்பளம் எவ்வளவு என்று அச்சிடும் ஒரு வரியைச் சேர்த்தேன். ஓட்டியதும் பைதான் நின்றுவிட்டது. எதிர்பாராத இன்டென்ட், அதாவது வரி எதிர்பாராமல் உள்ளே தள்ளி நிற்கிறது என்று பிழை. அதுவும் என் பிரிண்ட் வரியில் இல்லை, அதற்கு அடுத்த, நான் தொடவே தொடாத ஊக்கத்தொகை வரியில். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும்போது ஒன்று மட்டும் எப்படி எதிர்பாராததாகும்? எரிச்சலில், என் லேப்டாப்பில் நிரல் எழுதும் எடிட்டரை விட்டுவிட்டு சர்வரின் டெர்மினலிலேயே, அதாவது கட்டளை அடிக்கும் திரையிலேயே, கோப்பைத் திறந்து பார்த்தேன். அங்கே ஊக்கத்தொகை வரி நிபந்தனைக்கு உள்ளே தள்ளி நின்றது. ஒரே கோப்பு, என் எடிட்டரில் ஓர் இடம், டெர்மினலில் வேறு இடம். நடந்ததைக் குறிகளோடு போட்டுக் காட்டுகிறேன். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு ஸ்பேஸ், அம்புக்குறி ஒரு டேப்:

ஒவ்வோர் ஆளுக்கும்:
····சம்பளம் = பீஸ் × ரேட்
····அட்வான்ஸ் பாக்கி இருந்தால்:
········சம்பளத்தில் தவணையைக் கழி
→   சம்பளத்தில் ஊக்கத்தொகையைச் சேர்

மற்ற வரிகளுக்கு முன்னால் ஸ்பேஸ். கடைசி வரிக்கு மட்டும் ஒரே ஒரு டேப். டேப் என்பது இத்தனை ஸ்பேஸ் என்று கணக்குள்ள பொருள் இல்லை. தட்டச்சு மெஷின் காலத்திலிருந்தே அதற்கு ஒரே அர்த்தம்தான்: அடுத்த நிறுத்தம்வரை நகர்ந்து போ. அந்த நிறுத்தம் எங்கே என்பதை ஒவ்வொரு மென்பொருளும் தானே முடிவு செய்கிறது. என் எடிட்டரில் அது 4, ஆகவே டேப் போட்ட வரி நான்கு ஸ்பேஸ் வரிகளோடு ஒட்டி நின்றது. டெர்மினலில் 8. பைதான் 2-க்கும் 8. ஆகவே அதன் கணக்கில் அந்த வரி எட்டாவது இடத்தில், தவணை கழிக்கும் வரியோடு சேர்ந்து நிபந்தனைக்குள் போய்விட்டது. இடையில் கை வைத்தவரின் எடிட்டரிலும் டேப் 4 ஆக இருந்திருக்க வேண்டும். அவர் கண்ணுக்கும் எல்லாம் நேராகத்தான் தெரிந்திருக்கும். நான் பிரிண்ட் வரியை நான்கு ஸ்பேஸில் நடுவே செருகியதும் நிபந்தனை அங்கேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு வந்த எட்டாவது இடத்து வரிக்கு ஏறி நிற்க வீடு இல்லை. அதனால்தான் பிழை.

இதே கோப்பை பைதான் 3-இல் ஓட்டியிருந்தால் முதல் நாளே டேப்எர்ரர் என்று சொல்லி மறுத்திருக்கும். டேபின் அகலத்தைப் பொறுத்து அர்த்தம் மாறுகிற இன்டென்டேஷனை அது ஏற்றுக்கொள்வதில்லை. பைதான் 2-இலும் ஹைஃபனோடு இரண்டு சின்ன ‘டி’ சேர்த்து ஓட்டினால் இதைப் பிழையாகவே காட்டும். டேப்நேனி என்று ஒரு மாட்யூல் பைதானோடேயே வருகிறது, அதன் வேலையே இந்தக் கலப்படத்தைக் கண்டுபிடிப்பது. பெயர் வேடிக்கைதான், ஆனால் எனக்கு அது முன்பே தெரிந்திருந்தால் அந்தத் தீபாவளி வேறு மாதிரி போயிருக்கும். பழைய நிரல் எதையாவது தலையில் கட்டிக்கொண்டால், லாஜிக்கைப் படிப்பதற்கு முன் டேப்நேனியை அதன்மேல் ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

கோளாறு தெரிந்ததும் திருத்தம் சுலபம் என்று நினைப்பீர்கள். நானும் கோப்பு முழுவதும் டேபை நான்கு ஸ்பேஸாக மாற்றிவிட்டால் முடிந்தது என்றுதான் கையை வைக்கப் போனேன். அதற்கு முன் எதற்கும் இருக்கட்டும் என்று வெற்றிடக் குறிகளை ஆன் செய்து கோப்பை மேலிருந்து கீழே உருட்டினேன். வேறு இடங்களிலும் அம்புகள் தெரிந்தன. பிஎஃப் பிடிக்கும் பகுதியில் ஒரு வரி டேபோடு நின்றது. அது முதலில் எழுதியவருடையது. அவருடைய எடிட்டரில் டேப் 8 போல. அந்த வரி பிஎஃப் எண் உள்ளவர்களுக்கான நிபந்தனைக்குள் இருக்க வேண்டியது, 8 கணக்கில் சரியாகவே உள்ளே இருந்தது. அதை நான்காக மாற்றியிருந்தால் பிழை எதுவும் வராது, வரி சத்தமில்லாமல் நிபந்தனைக்கு வெளியே வந்து, பிஎஃப் இல்லாதவர்களுக்கும் பிடித்தம் விழுந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார்கள்.

ஆகவே வரிசை முக்கியம். பைதான் 2 நிரலில் டேபை எடுக்கும்போது முதலில் 8 கணக்கிலேயே விரியுங்கள். அப்போது நிரலின் நடத்தை மாறாது, பிழைகூட அப்படியே இருக்கும், ஆனால் இனி எந்த எடிட்டரில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரியும். லினக்ஸில் எக்ஸ்பேண்ட் என்ற கட்டளை சொல்லாமலே 8 கணக்கில்தான் விரிக்கும். பழைய வாரங்களின் தரவை வைத்துப் பழைய கோப்பையும் விரித்த கோப்பையும் ஓட்டி, இரண்டு சம்பளப் பட்டியலும் ஒரு பைசா மாறாமல் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். போனது. அதை, நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட்டில் தனி கமிட்டாக, அதாவது தனிப் பதிவாகச் சேர்த்தேன். அதற்குப் பிறகுதான் ஊக்கத்தொகை வரியைக் கையால் நான்கு ஸ்பேஸ் இடதுபக்கம் இழுத்தேன். அது இன்னொரு கமிட். இரண்டையும் ஒன்றாகப் போட்டால், நாளை பார்ப்பவருக்கு நூற்றுக்கணக்கான மாறிய வரிகளில் எது வெறும் வெற்றிடம், எது உண்மையான திருத்தம் என்று தெரியாது. கிட்டில் டிஃப், அதாவது பழையதுக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசம், பார்க்கும்போது சின்ன ‘டபிள்யூ’ சேர்த்தால் வெற்றிட மாற்றங்களை மறைத்துவிடும் என்பது உதவிதான். ஆனால் பைதானில் வெற்றிடமே லாஜிக். என் உண்மையான திருத்தம் வெறும் நான்கு ஸ்பேஸ், அது அந்த டிஃபில் தெரியவே தெரியாது. அந்த வசதியை நம்பி மட்டும் ரிவ்யூ செய்யாதீர்கள்.

இன்னொரு பொறி: வரியின் தொடக்கத்தில் உள்ள டேபை மட்டும் மாற்றுங்கள், எல்லா டேபையும் அல்ல. எங்கள் விரல்ரேகை மெஷின் தரும் டெக்ஸ்ட் கோப்பில் பத்திகள் டேபால் பிரிந்திருக்கும். அதைப் பிரிக்கும் வரியில் மேற்கோள் குறிகளுக்கு நடுவே முதலில் எழுதியவர் நிஜ டேபையே அடித்து வைத்திருந்தார். அது ஸ்பேஸாக மாறியிருந்தால் வருகைப் பதிவே படிக்காது. எக்ஸ்பேண்டில் தொடக்கத்து டேபை மட்டும் விரிக்க இனிஷியல் என்ற ஆப்ஷன் இருக்கிறது. விஎஸ் கோடு எடிட்டரில் கன்வெர்ட் இன்டென்டேஷன் டு ஸ்பேசஸ் என்ற கட்டளையும் தொடக்கத்தை மட்டும்தான் தொடும், ஆனால் அது கீழே காட்டும் டேப் அளவை வைத்தே கணக்குப் போடும் என்பதால் அளவை முதலில் சரிபாருங்கள். நோட்பேட்++ எடிட்டரின் டேப் டு ஸ்பேஸும் விம் எடிட்டரின் ரீடேபும் நடுவில் இருப்பதையும் சேர்த்து மாற்றிவிடும்.

பணக் கதையையும் முடித்துவிடுகிறேன். விட்டுப்போன ஊக்கத்தொகையை முதலாளி தீபாவளி போனஸோடு சேர்த்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். அந்த விஷயத்தில் நல்ல மனிதர். என் மீதி 25,000-இல் பத்தாயிரம்தான் கைக்கு வந்தது. "ஒரு வரியை நகர்த்துறதுக்கு ரெண்டு மாசமா தம்பி?" என்று கேட்டார். டேபின் அகலத்தை அவரிடம் விளக்க முயன்றேன், பாதியிலேயே டீ சொல்லிவிட்டார்.

இனி எடிட்டர் அமைப்புக்கு வருகிறேன். வெற்றிடத்தைக் காட்டும் வசதி அநேகமாக எல்லா எடிட்டரிலும் உண்டு. பலர் ஆன் செய்து பார்த்துவிட்டு ஒரு மணி நேரத்தில் ஆஃப் செய்துவிடுவார்கள். காரணம், அவர்கள் எல்லா வெற்றிடத்தையும் காட்டச் சொல்லிவிடுகிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே புள்ளி வந்து விழுந்தால் திரை முழுக்க எள் தூவியது மாதிரி ஆகும், யாருக்குமே படிக்கப் பிடிக்காது. நமக்கு வேண்டியது வரிக்கு முன்னால் இருப்பது மட்டும்தான். பைசார்ம் உட்பட ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்களில் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் எடிட்டர், ஜெனரல், அப்பியரன்ஸ் என்று போனால் ஷோ ஒயிட்ஸ்பேசஸ் என்பதன் கீழே லீடிங் (வரியின் தொடக்கம்), இன்னர் (நடு), ட்ரெய்லிங் (கடைசி) என்று பெட்டிகள் இருக்கும். இன்னரை எடுத்துவிட்டு லீடிங், ட்ரெய்லிங் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். விஎஸ் கோடில் லீடிங் என்று தனியாக இல்லை. செட்டிங்ஸில் ரெண்டர் ஒயிட்ஸ்பேஸ் என்று தேடி பவுண்டரி என்பதைத் தேர்ந்தெடுத்தால், சொற்களுக்கு நடுவே வரும் ஒற்றை ஸ்பேஸை விட்டுவிட்டு மற்றதைக் காட்டும். எதையும் மாற்றாவிட்டால் செலக்ட் செய்த பகுதியில் மட்டும்தான் காட்டும். நாம் சந்தேகப்பட்டுத் தேர்ந்தெடுத்தால்தானே தெரியும்? எனக்கு ஒரு சந்தேகமும் வராத வரி அது. புள்ளிகள் உறுத்தினால், தீமில் வெற்றிடக் குறியின் நிறத்தைப் பின்னணியைவிடச் சற்றே தூக்கலாக வைத்துக்கொள்ளலாம்.

விஎஸ் கோடின் கீழ் மூலையில் ஸ்பேசஸ்: 4 என்று வருவதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கோப்பில் எது அதிகமாகத் தெரிகிறதோ அதை வைத்து அது செய்யும் யூகம் அது. ஆயிரம் வரி ஸ்பேஸுக்கு நடுவே ஒரு டேப் இருந்தாலும் அங்கே ஸ்பேசஸ் என்றுதான் இருக்கும். விம்மில் லிஸ்ட் ஆப்ஷனை ஆன் செய்தாலே டேப் இருக்கும் இடத்தில் ^I என்று வந்து நிற்கும். லிஸ்ட்சார்ஸில் லீட் என்று கொடுத்துத் தொடக்க ஸ்பேஸுக்குப் புள்ளி வைப்பது புதிய விம்மில்தான் முடியும். ஈமேக்ஸில் ஒயிட்ஸ்பேஸ் மோட். நோட்பேட்++ இல் வியூ மெனுவில் ஷோ சிம்பல். சர்வரில் எடிட்டரே திறக்காமல் பார்க்க வேண்டும் என்றால் கேட் கட்டளையோடு ஹைஃபனும் பெரிய ‘ஏ’யும் போடுங்கள், டேப் எல்லாம் ^I ஆகத் தெரிந்துவிடும். நானோ எடிட்டரில் ஆல்ட்டும் பி-யும் சேர்த்து அழுத்தினால் போதும். அதில் டேப் விசையைத் தட்டினால் நிஜ டேப்தான் விழும், சர்வரில் அவசரத்துக்கு ஒரு வரி திருத்துபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பைதான் 3-தான் பயன்படுத்துகிறேன், எனக்கென்ன என்று சொல்பவர்கள் யாமல் கோப்பு (மென்பொருளின் அமைப்புகளை எழுதிவைக்கும் ஒரு வகைக் கோப்பு) எழுதாமல் இருக்க மாட்டார்கள். யாமலில் இன்டென்டேஷனுக்கு டேப் கூடவே கூடாது, போட்டால் திட்டும், அது பரவாயில்லை. திட்டாமல் விடுவது ஸ்பேஸ் குறைவதைத்தான். ஓர் அமைப்பின் பெயர் இரண்டு ஸ்பேஸ் இடதுபக்கம் நகர்ந்தால், பிள்ளையாக இருக்க வேண்டியது அண்ணன் தம்பியாகிவிடும், கோப்பு அப்போதும் செல்லும். ஆழமான யாமலில் புள்ளிகளை எண்ணிப் பார்ப்பதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. வலைப்பக்கத்திலிருந்து காப்பி செய்யும் நிரலில் நோ-பிரேக் ஸ்பேஸ் ஒளிந்து வருவதும் உண்டு. பார்க்க ஸ்பேஸ் மாதிரியே இருக்கும், பைதான் ஏற்காது. விஎஸ் கோடு இதைப் பெட்டி போட்டுக் காட்டுகிறது.

டேபையே வெறுத்து எல்லா இடத்திலும் ஸ்பேஸ் என்று எடிட்டரை அமைத்த பிறகு எனக்கு உடைந்த முதல் கோப்பு மேக்ஃபைல், அதாவது மேக் என்ற கருவிக்கு என்னென்ன கட்டளைகளை ஓட்ட வேண்டும் என்று எழுதித் தரும் கோப்பு. அதில் கட்டளை வரி டேபில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் போட்டால் செபரேட்டர் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். பெல் லேப்ஸில் 1976-இல் மேக்கை எழுதிய ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேனுக்கே இது பிடிக்கவில்லை. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேருக்காக நாம் இன்றும் டேப் அடிக்கிறோம். ஆகவே எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்றைப் புராஜெக்டில் வைத்து, பொதுவாக ஸ்பேஸ் 4, யாமலுக்கு 2, மேக்ஃபைலுக்கு மட்டும் டேப் என்று எழுதிவிடுங்கள். பெரும்பாலான எடிட்டர்கள் தாமாகவோ ஒரு நீட்சியைச் சேர்த்தாலோ அதைப் படித்துக்கொள்ளும். ஆனால் அது இனி அடிக்கப்போகும் வரிகளுக்குத்தான் உதவும். ஏற்கெனவே உள்ளே கிடக்கும் டேபைத் தேடி எடுக்காது. அதற்குக் குறிகளை ஆன் செய்து கோப்பை மேலிருந்து கீழே நீங்களேதான் உருட்ட வேண்டும்.